அரக்கனுக்கு எட்டு

மனிதகுலம் இரண்டு வகை. பாதை இருக்கும் இடத்தில் போகிறவர்கள் ஒரு வகை. பாதை இல்லாத இடத்தில் போய், தாங்கள் போனதையே பாதையாக்குகிறவர்கள் இன்னொரு வகை. இந்த உலகத்தை உண்டாக்கியவர்கள் இரண்டாம் வகையினர்தான்.

இதைச் சொன்னவர் கேப்டன். சொன்ன இடம் அவருடைய பாத்ரூம் டைல்ஸ் கடையின் கல்லா. கேட்டுக்கொண்டிருந்தவர், மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொரசொரப்பான டைல்ஸ் தேடி வந்த வாடிக்கையாளர். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, இதுல சாம்பல் கலர் இருக்கா?" என்றார்.

கேப்டன் பட்டாளத்தில் இருந்தவரில்லை. கப்பலிலும் விமானத்திலும் பயணியாகக்கூடப் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் வாலிபால் அணியின் நிஜக் கேப்டனுக்கு வயிற்றுப்போக்கு வந்த நாளில், காசு சுண்டும்போது நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று இவரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். இவர் பூ கேட்டார், தலை விழுந்தது. ஆட்டமும் போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. அதற்கு அரக்கன் என்று பெயர்.

வாங்கும்போது அது எல்லாரும் ஏறக்கூடிய ஜீப்பாகத்தான் இருந்தது. இப்போது ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும். எருமைத் தொடை கனத்துக்குச் சேற்று டயர்கள். முன்னால் முரட்டு இரும்புக் கம்பிகள். கூரைமேல், ஒரு விளையாட்டு மைதானத்தையே பகலாக்கக்கூடிய விளக்குகள். பம்பரில் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச். சேற்றில் புதைந்தால் மரத்தில் கொக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் கூரைவரை ஏறும் மூச்சுக்குழாய். கழுத்தளவு ஆற்றில் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாது. அந்தக் குழாய் இதுவரை தண்ணீரைப் பார்த்தது வண்டி கழுவும் இடத்தில்தான்.

இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோல்விக்கு எழுப்பிய நினைவுச்சின்னம். மேட்டில் ஏறவில்லையா, டயர் சரியில்லை. டயரை மாற்றியும் ஏறவில்லையா, உயரம் போதவில்லை. உயர்த்தியும் ஏறவில்லையா, எஞ்சினுக்குத் திராணி இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேப்டன் கூடத்தையே இடித்து இடித்துக் கட்டியவர்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமை, வண்டியோடு வந்த திருட்டுப் பூட்டு. முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு திருகு. ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியதும் கேப்டன் மண்டியிட்டு இரண்டையும் லாக்குக்குத் திருப்புவார். "இனிமே எமனே வந்தாலும் உருட்டிட்டுப் போக முடியாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்திருப்பார். காலையில் இரண்டையும் ஃப்ரீக்குத் திருப்பி, அதன்மேல் மண்டையோடு பொறித்த எஃகு மூடியை அழுத்தி மாட்டுவார். அந்தப் பூட்டில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கை வைத்த மெக்கானிக் ஒருவரின் விரல்மேல் கேப்டன் வண்டிக் கதவைச் சாத்தியிருக்கிறார். அந்த மெக்கானிக் அப்போது பூட்டைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார். அலறல்தான் வந்தது.

ஆறு வருடத்தில் அரக்கன் ஒரு முறைகூடத் திருடு போகவில்லை. பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த அரக்கனைத்தான் இப்போது விற்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே பேய்மேடு என்று ஒரு செம்மண் சரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். பல் டாக்டர் துருப்பிடித்த சின்ன ஜீப்பில், பாட்டுக் கேட்டுக்கொண்டே அதன் உச்சிக்குப் போய்விடுவார். மேலே போய் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவார். கேப்டனும் ஒருமுறை ஏறியிருக்கிறார். உச்சியில் அரக்கன் நிற்க, கேப்டன் அதன்மேல் கால் வைத்து நிற்கும் படம் டைல்ஸ் கடைச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வெட்டியிருக்கும். "அன்னைக்கு ஏறினது வண்டி இல்ல. என் கை. இதே கைக்கு ஒரு சரியான வண்டி கிடைச்சா?" என்பார்.

அந்தச் சரியான வண்டி வெல்டரின் பட்டறையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. பழைய பட்டாளத்து லாரியின் சட்டகம். அதன்மேல் எஞ்சின் ஏற்றி, டயர் மாட்டி, கேப்டன் ஒரு புது அரக்கனைக் கட்டப் போகிறார். ஆனால் வெல்டர் காலையில் போன் செய்துவிட்டார்: "பொழுது சாயறதுக்குள்ள முழுப் பணம் வரணும் கேப்டன். இல்லன்னா பல் டாக்டர் எடுத்துக்கறேங்கறார்."

சட்டகம் போனால்கூடப் பொறுக்கலாம். பல் டாக்டரிடம் போனால் கேப்டன் இனி எந்த முகத்தோடு பேய்மேட்டுக்குப் போவார்? வீட்டிலும் வழியில்லை. "ஒண்ணு வாசலை விட்டுப் போனாத்தான் இன்னொண்ணு வரலாம். ரெண்டும் சேர்ந்து நின்னுச்சுன்னா நான் போயிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டார். கேப்டன் கொஞ்சம் யோசித்துத்தான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார்.

விலை எட்டு. எட்டு லட்சம் என்று முழுசாகச் சொல்வது கௌரவக் குறைச்சல். வெறும் எட்டு. வண்டி வாங்கியது மூன்று, மாட்டியதெல்லாம் நான்கு, மீதி ஒன்று அனுபவம்.

"அனுபவம்னா என்ன மாமா? அதை எந்தக் கடையில வாங்கினோம்?" என்று கேட்டார் மச்சான்.

மச்சான் என்பவர் மனைவியின் தம்பி, போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், மீதி நேரம் டைல்ஸ் கடையில் நிற்பவர். அரக்கனில் பாதி அவருடைய காசு. பாதிப் பங்கு இருந்தும் ஆறு வருடமாக அவருக்குக் கிடைத்தது பின்சீட்டுதான்.

"ஆறு வருஷம் மலை ஏறின வண்டிடா. அந்த வித்தை அதுக்குள்ள இருக்கு, மாப்ளே."

"ஏறினா தானே இருக்கும்?"

கேப்டன் கையில் அப்போது மாதிரி டைல் ஒன்று இருந்தது. நீலப் பூப்போட்டது, சமையலறைச் சுவருக்கானது. அது மச்சானின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது. காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்கு இறங்கியது. மச்சான் குனிந்து, டைல்ஸ் இடுக்கில் பூசும் வெள்ளைச் சிமெண்டு வாளியை எடுத்துக் கேப்டனின் தலையில் கவிழ்த்து, வாளியின்மேல் முழங்கையால் ஓங்கி இடித்தார். வாளிக்குள்ளிருந்து கேப்டன் என்னவோ சொன்னார். கெட்ட வார்த்தைதான். வாளிக்குள் அது மந்திரம் மாதிரி ஒலித்தது.

மனைவி உள்ளேயிருந்து தரை துடைக்கும் கட்டையோடு வந்து முதலில் தம்பியின் முதுகில் ஒன்று, பிறகு வாளியில் ஒன்று வைத்தார். "டைல்ஸ் உடைஞ்சது யார் கணக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

இந்த விற்பனையில் ரத்தம் புதிதில்லை. முதலில் வந்த பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "எடைக்குத்தானே?" என்றார். அவர் புருவத்தில் தையல். அடுத்து வந்த கல்லூரி வாத்தியார் மிகவும் மரியாதையாக, "இந்த லைட்டு, குழாய், கம்பி இதெல்லாம் கழட்டிட்டு வெறும் ஜீப்பா எவ்வளவு சொல்றீங்க?" என்றார். அவருக்கு முன்பல் போயிற்று. பல் டாக்டரிடம்தான் போய்க் கட்டிக்கொண்டார். டாக்டர் அந்தச் செலவை எழுதிக் கேப்டனுக்கே அனுப்பினார். அடியில் 'தொடர்ந்து ஆதரவு தரவும்' என்று வேறு எழுதியிருந்தார்.

ஆகவே ஊரில் மீதி இருந்தது அடிக்குப் பயப்படாத ஒரே ஆள். குவாரிக்காரம்மா.

கேப்டன் தலையில் வெள்ளைச் சிமெண்டு காய்ந்துபோய், திடீர் கிழவராகக் குவாரியில் வந்து இறங்கினார். பின்சீட்டில் மச்சான், காதில் பஞ்சும் கழுத்தில் கேமராவுமாக. வண்டி போகும்போது கடைசிப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது கேப்டனின் ஆசை.

குவாரிக்காரம்மா தகரக் கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. எடையில் ஏமாற்றிய லாரி டிரைவர் ஒருவரின் மணிக்கட்டை மேசை இழுப்பறையில் வைத்துச் சாத்தியவர் என்று பேச்சு. பின்னால் பாறைக்கு வெடி வைத்தார்கள். தரை குலுங்கியது. மச்சான் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா டம்ளரை மட்டும் கையால் மூடிக்கொண்டார், தூசி விழாமல்.

"விலை?"

"எட்டு."

"ஓட்டறவனையும் சேர்த்தா?"

"அம்மா, இது வெறும் வண்டி இல்ல. அரக்கன். பேய்மேடு ஏறினது. இதோட மூச்சுக்குழாய் ஒண்ணே..."

"தம்பி, நான் நீந்தப் போறதில்ல." அவர் கையை நீட்டினார். குவாரியின் பின்புறம் வேண்டாத கல்லும் மண்ணும் கொட்டிக் கொட்டி ஒரு மேடு நின்றது, மாடி வீடு உயரத்துக்கு. "தினம் காலையில அதுக்கு மேல போய் நான் வெடிக்குழி பாக்கணும். முட்டி வலி, நடக்க முடியல. அதுல ஏறினா எட்டு. ஏறலைன்னா நான் சொல்றதுதான் விலை. சம்மதமா?"

கேப்டன் மேட்டைப் பார்த்தார். பொழுதைப் பார்த்தார். வெல்டரின் பட்டறையில் பல் டாக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. "சம்மதம்" என்று கை கொடுத்தார். கையைத் திரும்ப வாங்கியபோது மோதிரம் வளைந்திருந்தது.

கறுப்புக் கண்ணாடி மாட்டினார். மண்டையோட்டு மூடிகள் இரண்டையும் ஒரு தட்டுத் தட்டினார். நான்கு சக்கரமும் இழுப்பதற்கான குட்டைக் கம்பியை முறுக்காக முன்னுக்குத் தள்ளினார். கூரை விளக்குகள் எல்லாவற்றையும் போட்டார், நல்ல வெயிலில். பின்சீட்டில் மச்சான் கேமராவை அணைத்துக்கொண்டார்.

அரக்கன் உறுமியது. கல் நொறுக்கும் இயந்திரத்தில் நின்றவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வண்டி மேட்டில் பாய்ந்தது. கால்வாசி தூரம், அப்புறம் பாதி தூரம். பின்சக்கரங்கள் உயிரைக் கொடுத்து மண்ணை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள், துக்க வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்களைப் போல, முன்னால் இருந்ததோடு சரி.

"இன்னும் மிதிங்க மாமா!"

"மிதிச்சுட்டுதான்டா இருக்கேன்!"

பாதிக்கு மேல் அரக்கன் நின்றது. ஒரு நொடி யோசித்தது. பிறகு வந்த வழியே, வந்ததைவிட வேகமாக இறங்கியது. கேப்டன் பிரேக்கின்மேல் எழுந்தே நின்றார். எருமைத் தொடை டயர்கள் நின்ற நிலையிலேயே சறுக்கின. பின்னால் லாரி எடை போடும் அறை இருந்தது. உள்ளே இருந்த எடைக்காரர் ஜன்னல் வழியாக வெளியேறினார். ஜன்னல் அப்போது திறந்திருக்கவில்லை.

அறையின் ஒரு சுவர் முழுசாக உள்ளே விழுந்தது. கூரைத் தகடு அரக்கனின் விளக்குகள்மேல் விழுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்தது. மச்சானின் நெற்றி இரும்புச் சட்டத்தில் மோதிப் பிளந்தது. கேப்டன் நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். எடைக்காரர் கண்ணாடித் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து முழங்கையில் குத்தி நின்ற சில்லை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் இறங்கினார். ரத்தத்தைத் துப்பினார். தீர்ப்புச் சொல்லும் முகத்தோடு, "பின்பாரம்" என்றார். "நீ பின்னாடி உக்காந்ததுதான். அதான் இழுத்துடுச்சு."

மச்சானுக்கு நெற்றி ரத்தம் கண்ணை மறைத்தது. கழுத்தில் தொங்கிய கேமராவின் லென்ஸ் மட்டும் தனியாகக் கையில் வந்தது. அதைக் கேப்டனின் வாயில் இறக்கினார். பல் கல்லில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"பின்பாரமா? பின்பாரமா? அன்னைக்குப் பேய்மேட்டுல என்ன பாரம்? அன்னைக்கு மேல இழுத்தது டிராக்டர் மாமா! டிராக்டர்! போட்டோவுல அதை வெட்டினது நான்! வெட்டின துண்டு இன்னும் ஸ்டுடியோவுல இருக்கு!"

குவாரியே திரும்பிப் பார்த்தது. வெடி வைப்பவர்கள்கூட ஒரு திரியை அணைத்துவிட்டார்கள்.

ஒரு மனிதனின் வாயை உடைக்கலாம். ஆளுயரப் படத்தை உடைக்கக் கூடாது. கேப்டன் மச்சானின் தலைமயிரைப் பிடித்து அரக்கனின் கதவில் மோதினார், ஒரு தடவை, அவர் கத்தியதால் இன்னொரு தடவை. மச்சான் கேப்டனின் தோளைக் கடித்தார், கடித்ததை விடவில்லை. இருவரும் உருண்டார்கள். குவாரித் தரையில் உருள்வது மெத்தையில் உருள்வது மாதிரி இல்லை. சிமெண்டும் ரத்தமும் கல்தூளும் சேர்ந்து இரண்டு பேரும் ஒரே நிறமானார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது. "டேய், உன்னை என் பிள்ளை மாதிரிடா பாத்தேன்!" என்று கத்திக்கொண்டே கேப்டன் அவர் விலாவில் முட்டியால் இடித்தார். "அதான் சம்பளமே குடுக்கல!" என்று மச்சான் அவர் மூக்கைத் தலையால் முட்டினார். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கேப்டன் விடுபட்டு அரக்கனிடம் ஓடினார். விஞ்ச்சின் பிடியைத் தளர்த்தி, கொக்கியை இரும்புக் கயிற்றோடு நான்கைந்து ஆள் நீளத்துக்கு உருவினார். தலைக்கு மேல் சுழற்றினார். கொக்கி ஒரு சுற்றுச் சுற்றி, மச்சானை விட்டுவிட்டு, திரும்பி வந்து கேப்டனின் முதுகுப்பக்கம் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அவர் அதை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் மச்சான் பிடியை இறுக்கிவிட்டு, ஒயரில் தொங்கிய பொத்தான் பெட்டியை எடுத்தார்.

"மாப்ளே, வேண்டாம்."

மச்சான் அழுத்தினார்.

ஆறு வருடத்தில் அந்த விஞ்ச் முதன்முறையாக வேலை செய்தது. நல்ல சாமான். அவசரப்படாமல், நின்று நிதானமாக இழுத்தது. கேப்டன் குப்புற விழுந்து, ஜல்லிமேல் முகத்தால் கோடு போட்டுக்கொண்டே தன் வண்டியை நோக்கி வந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பம்பர் நெருங்கியதும் தடுப்பதற்குக் கையை நீட்டினார். சுண்டுவிரல் இரும்புக் கயிற்றோடு உருளைக்குள் போயிற்று. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அதற்குப் பிறகு கேப்டன் எழுப்பிய ஓலத்தில், அரக்கன் எழுப்பியதைவிட அதிகத் திராணி இருந்தது.

குவாரிக்காரம்மா வந்து சேர்ந்தார். முட்டி வலி, அதனால் மெதுவாகத்தான் வந்தார். மச்சானின் கையிலிருந்து பொத்தான் பெட்டியைப் பிடுங்கி, அதே பெட்டியால் அவர் வாயில் ஒரு போடு போட்டார். கொக்கியைக் கழற்றினார். கேப்டனைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தார். மூக்கு சாயாத பக்கமாகப் பார்த்து அறைந்தார்.

"அழாதீங்க தம்பி. வேலை நேரம்." பிறகு விலை சொன்னார். "மூணு. எடை ரூமுக்கு அரை போச்சு. ரெண்டரை."

"அம்மா, வண்டி வாங்கினதே மூணுக்கு..."

"அப்பவே ஒண்ணும் மாட்டாம வித்திருந்தா மூணு கிடைச்சிருக்கும்."

கேப்டனின் போன் அடித்தது. எடுத்துப் பேசக் கை வரவில்லை. மச்சான்தான் உதட்டைத் துடைத்துக்கொண்டு அவர் காதில் வைத்தார். வெல்டர். "கேப்டன், டாக்டர் வந்துட்டார். உக்காந்திருக்கார். சட்டகத்தைத் தட்டித் தட்டிப் பாக்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

"தட்ட வேண்டாம்னு சொல்லு!" என்றார் கேப்டன். நாக்கு வீங்கியிருந்ததால் வேறு மாதிரிக் கேட்டிருக்கும். "பழம் வருது! இப்பவே பழம் வருது!"

"பழமா?"

"பணம்ங்கறார்" என்று மச்சான் மொழிபெயர்த்தார்.

சட்டகத்தின் விலை சரியாக இரண்டரை. அரக்கனுக்கு வரும் இரண்டரையில் பாதி மச்சானுடையது. கேப்டன் ஒரு கண்ணால் மச்சானைப் பார்த்தார், இன்னொன்று மூடிக்கொண்டுவிட்டது.

"மாப்ளே. உன் பங்கு புது வண்டியில இருக்கட்டும்டா."

"மறுபடியும் பின்சீட்டா?"

"முன்சீட்டு. வண்டிக்கு உன் பேரையே வைக்கிறேன்."

மச்சான் விலாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். உலகத்தில் பல சமாதான ஒப்பந்தங்கள் இதைவிடக் குறைந்த யோசனையில் கையெழுத்தாகியிருக்கின்றன. "பேரு முன்கண்ணாடியில வரணும்" என்றார். "பெரிய எழுத்துல."

"கூரையிலகூட எழுதிக்கோ."

குவாரிக்காரம்மா போனில் பணத்தைப் போட்டார். கேப்டன் உடையாத கையின் கட்டைவிரலால், ரத்தம் படிந்து படிந்து மூன்றுமுறை தப்பாகி, கடைசியில் மொத்தத்தையும் வெல்டருக்குத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெல்டரிடமிருந்து பதில் வந்தது: சட்டகம் உங்களுது, டாக்டர் வாழ்த்துச் சொல்லிட்டுப் போனார்.

கேப்டன் எழுந்து நின்றார். முகத்தில் ஜல்லி ஒட்டியிருந்தது. பெல்ட் அறுந்த பேன்ட் ஒரு கையில், உடைந்த விரல் இன்னொரு கையில். ஆனாலும் ஜெயித்தவர் அவர்தான். அரக்கன் போகலாம், எஞ்சினுக்குத் திராணியில்லாத அரக்கன். இனி வரப்போவதுதான் வண்டி. தோற்றவர்களிடம் தாராளமாக இருப்பது வீரர்களின் இலக்கணம். அவர் சாவியை நீட்டினார்.

"அம்மா, ஒரே ஒரு ரகசியம் இருக்கு. மெக்கானிக்குக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மட்டும்." ஒற்றைக் கையால் மண்டையோட்டு மூடியைக் கழற்றினார். "திருட்டுப் பூட்டு. ராத்திரி நிறுத்தினதும் ரெண்டு பக்கமும் லாக்குல போட்டுடணும். காலையில கிளம்பும்போது மறக்காம ஃப்ரீல வச்சுடணும். ஆறு வருஷமா ஒருநாள்கூட நான் தவறினதில்ல."

குவாரிக்காரம்மா அந்தத் திருகைப் பார்த்தார். பிறகு கேப்டனைப் பார்த்தார். மறுபடி திருகைப் பார்த்தார்.

"மேடு ஏறும்போது?"

"கண்டிப்பா ஃப்ரீ. அதுலதான் அம்மா எல்லாமே இருக்கு. லாக்கோட எடுத்தா சக்கரம் சுத்தாது, கவுத்துடும்."

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? அதுலயே எழுதியிருக்கே."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எடை அறை இடிந்து கிடந்தது காரணமாக இருக்கலாம். "தம்பி" என்றார், காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "இது திருடனுக்குப் போடற பூட்டு இல்ல. முன்சக்கரத்தை எஞ்சினோட சேக்கற பூட்டு. லாக்குல போட்டாத்தான் முன்சக்கரம் இழுக்கும். ஃப்ரீல இருந்தா அது பாட்டுக்குச் சும்மா உருளும்."

"அப்படி இல்லம்மா, நான் ஆறு வருஷமா..."

அவர் கையை ஓங்கினார். கேப்டன் வாயை மூடிக்கொண்டார்.

குவாரிக்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இந்தப் பக்கத் திருகை லாக்குக்குத் திருப்பினார். சுற்றிப் போய் அந்தப் பக்க மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதையும் திருப்பினார். முக்காலியில் கால் வைத்து ஏறினார். இடிபாட்டிலிருந்து அரக்கனை உருவி, மேட்டின் அடிவாரத்துக்குக் கொண்டுபோனார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி ரெண்டு லோடுதான், அதுக்கு மேல கேக்காதே" என்று பேசிக்கொண்டே வண்டியை மேட்டில் விட்டார்.

வண்டி உறுமவில்லை, பாயவும் இல்லை. முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின, பின்சக்கரங்கள் தள்ளின. மாடு தண்ணீருக்குப் போகிற மாதிரி அரக்கன் தன் பாட்டுக்கு மேலே போயிற்று. உச்சியில் நின்றது. நசுங்கிய கூரைத் தகடு ஒன்று மெதுவாக வழுக்கி விழுந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தது.

கீழே மாமாவும் மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடைக்காரரும் முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து பக்கத்தில் நின்றார்.

"மாமா" என்றார் மச்சான்.

"என்ன?"

"வெல்டர் பணத்தைத் திருப்பித் தருவானா?"

கேப்டன் சொன்னது யாருக்கும் புரியவில்லை. நாக்கு வீங்கியிருந்தது.

ஆறு வருடமாக அந்த வண்டி மலையில் இரண்டு சக்கர வண்டியாகவும், வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் நான்கு சக்கர வண்டியாகவும் இருந்திருக்கிறது.